ராணி எறும்பு உத்தரவு போடுவதில்லை
ராணி எறும்பு கட்டளையிட மற்றவை கீழ்ப்படிகின்றன, நாமும் தலைவருக்கு அப்படியே அடங்க வேண்டும் என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் 6:6-ஐக் காட்டி எழுதியிருக்கிறீர்கள், சகோதரரே. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: எறும்புக்குப் பிரபுவும் தலைவனும் அதிகாரியும் இல்லை என்றுதான் அது சொல்கிறது.

இயற்கையும் அப்படித்தான். ராணியின் முக்கிய வேலை முட்டையிடுவது. பல வகை எறும்புகளில், இரை கண்ட வேலைக்கார எறும்பு திரும்பும் வழியில் வாசனைத் தடம் இட்டுக்கொண்டே வரும். மற்றவை அதை உணர்ந்து போய், தாங்களும் தடம் இடும். இரை தீர்ந்தால் தடம் மங்கிவிடும். மேற்பார்வைக்கு யாருமே இல்லை, எவ்வளவு அழகான ஏற்பாடு!

அப்புறம், அந்த வசனம் சோம்பேறியிடம் பேசுகிறது. ஏவ ஆளில்லாமலே உழைக்கச் சொல்கிறது. கீழ்ப்படிதலைப் போதிக்க எபிரெயர் 13:17 இருக்கிறதே, அதை எடுத்துச் சொல்லுங்கள்.