காதைப் பொத்திக்கொண்டு அடித்த பந்து

கோல்ஃப் பற்றி எழுதினாலே "பெரிய ஆளாயிட்டப்பா" என்று முதல் கமெண்ட் போடப்போகும் மாமாவுக்கு முன்கூட்டியே ஒரு வணக்கம். பெங்களூர் முருகேஷ்பாளையாவில் அதே வாடகை வீடு, அதே பழைய ஆக்டிவா, எதுவும் மாறவில்லை மாமா. முதுகுவலிக்கு டாக்டர் நடக்கச் சொன்னார், நடக்கப் போன வழியில் ஒரு டிரைவிங் ரேஞ்ச் (கோல்ஃப் பந்து அடித்துப் பழகும் இடம்) இருந்தது, ஒரு கூடை பந்து அடித்துப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன். நாலு வருஷம் ஆகிறது. கிளப்பில் உறுப்பினராகும் வசதியெல்லாம் நமக்கு இல்லை. உறுப்பினராக இருக்கும் நண்பர் ஒருவர் மாதத்தில் இரண்டு ஞாயிறு விருந்தாளியாகக் கூட்டிப் போகிறார், அவ்வளவுதான்.

போன வாரம் அல்சூரில் ஒரு கல்யாணம். புதிதாக ஆட ஆரம்பித்திருக்கும் தம்பி ஒருவர் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, எந்தப் பந்து வாங்கலாம்? சாஃப்ட்டா, ஹார்டா?" என்று கேட்டார். ரசம் வந்து, மோர் வந்து, இலையை மூடியும் பேச்சு முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

திருப்பத்தூரில் நாங்கள் ஏரிக்கரையில் கிரிக்கெட் ஆடிய காலத்தில் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு டென்னிஸ் பந்து வாங்குவோம். வாங்கும் முன் ஒரு சடங்கு உண்டு. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது, காதுப் பக்கம் வைத்துத் தட்டுவது, கடை வாசல் சிமெண்டில் ஒரு தரம் குத்திப் பார்ப்பது. கடைக்காரர் கத்துவார்: "டேய், அது என்ன மாம்பழமா, அமுக்கி அமுக்கிப் பாக்குற?" கத்தினாலும் பரவாயில்லை, காற்று இறங்கிய பந்தை எங்கள் தலையில் கட்ட முடியாது. ரப்பர் பந்து, கார்க் பந்து, ஸ்டம்பர் பந்து எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம்.

அந்தத் திமிரோடுதான் கோல்ஃப் கடைக்குப் போனேன். கோல்ஃப் பந்தை அமுக்கினால் கட்டைவிரல்தான் வலிக்கும். எல்லாப் பந்தும் கையில் ஒன்றுபோலவே இருக்கும். இருக்கத்தான் செய்யும், விதி அப்படி: விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, எடை 45.93 கிராமுக்கு மிஞ்சக்கூடாது. அதற்குள்தான் எல்லாக் கம்பெனியும் வித்தை காட்டவேண்டும்.

கடைப் பையன் என்னை ஒரு வலைக்கு முன் நிறுத்தி, தூர அடிக்கான நீள மட்டையான டிரைவரைக் கையில் கொடுத்து, பத்துப் பந்து அடிக்கச் சொன்னான். திரையில் வேகம், கோணம், தூரம் என்று எண்கள் ஓடின. "சார், உங்க ஸ்விங் வேகத்துக்கு இதுதான்" என்று ஒரு டஜனை எடுத்து வைத்தான். 5,000 ரூபாயைத் தொட்டது. வாங்கினேன். அடுத்த ஞாயிறு முதல் ஆறு குழிக்குள் நாலு பந்து தண்ணீருக்குள். நாலாவது முழுகியபோது மனசுக்குள் இட்லிக் கணக்கு ஓடியது. நாற்பது பிளேட்டாவது வரும்.

பந்து தொலைந்ததில்கூட வருத்தமில்லை. அந்தப் பையன் என்னை ஒரு சிப் (குழிக்குப் பக்கத்திலிருந்து சின்னதாகத் தூக்கிப் போடும் அடி) அடிக்கச் சொல்லவில்லை, ஒரு புட் (குழிக்குள் உருட்டிவிடும் அடி) அடிக்கச் சொல்லவில்லை. ஒரு ஆட்டத்தில் டிரைவரை எடுப்பது அதிகம் போனால் பதினான்கு தரம். என்னைப் போன்ற ஆள் மீதி எண்பது தொண்ணூறு அடியை கிரீனை, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையைச் சுற்றியும் அதை நோக்கியும்தான் அடிக்கிறான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்த கதைதான்.

(புட், புட்டர் என்று எழுதுவதற்கு ஒரு விளக்கம். 'பட்டர்' என்று எழுதினால் பெருமாள் கோயில் பட்டர் வந்து நிற்கிறார். 'புட்டு' என்றால் கடலைக்கறி கேட்கிறது. எப்படி எழுதினாலும் ஒன்று கோயிலுக்குப் போகிறது, இல்லாவிட்டால் அடுக்களைக்கு.)

இனி எங்கள் கேடி அண்ணன். (ரவுடிக் கேடி இல்லை, ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வரும் கேடி.) கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர். பாதித் தமிழ், பாதிக் கன்னடம், நடுவில் கோல்ஃப் ஆங்கிலம். திங்கட்கிழமை கிளப் மூடியிருக்கும்போது கேடிகள் ஆடலாம் என்பதால் பன்னிரண்டு வயதிலிருந்து ஆடுகிறார். என்னைவிட இருபது ஸ்ட்ரோக் (அடி) குறைவாக ஆடி முடிப்பார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், முப்பது. இதே ஊரில் கேடியாகப் பை தூக்கிய சின்னசாமி முனியப்பா 2009இல் இந்தியன் ஓப்பன் வென்றதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்.

நான் அந்த விலையுயர்ந்த பந்தைக் காட்டி, "அண்ணே, இது ரொம்ப சாஃப்ட், கையில வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பயிற்சி கிரீனுக்குக் கூட்டிப் போனார். பையிலிருந்து மூன்று விதமான பந்து எடுத்து, எழுத்தெல்லாம் கீழே இருக்கும்படி வைத்தார். அடித்தேன். ஒன்று 'டிக்' என்றது, ஒன்று 'டப்' என்றது, ஒன்று இரண்டுக்கும் நடுவே. எது சாஃப்ட், எது ஹார்ட் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரி. எனக்கு ஏரிக்கரை திரும்ப வந்துவிட்டது.

"இப்ப அடிங்க சார்" என்று பின்னால் வந்து நின்று, இரண்டு உள்ளங்கையாலும் என் காதை அழுத்திப் பொத்தினார். அம்மா சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது பிடிப்பாளே, அந்தப் பிடி. நண்பர் பந்தை மாற்றி மாற்றி வைத்தார். பத்து அடித்தேன். நாலுதான் சரி. அடிக்காமலே குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு வந்திருக்கும். பக்கத்தில் புட் பண்ணிக்கொண்டிருந்த ஒரு ரிட்டயர்டு கர்னல் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

"கை எங்க சார் கேக்குது? காதுதான் கேக்குது" என்றார் அண்ணன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது கணக்கும் அதையே சொன்னது. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. டிரைவர் அடியில் அந்த நேரத்துக்குள் பந்து சப்பையாகி, மறுபடி உருண்டையாகி, கிளம்பிவிடும். அந்த அதிர்வு தண்டு வழியாக ஏறி நம் கைக்கு வந்து மூளைக்குப் போய்ச் சேரும்போது பந்து எப்போதோ போயாகிவிட்டது. 'ஃபீல்' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு சத்தம். அதுவும் பந்து போட்ட சத்தம் மட்டும் கிடையாது, புட்டர் முகத்தில் ரப்பர் பட்டை இருக்கிறதா, மொட்டை இரும்பா என்பதும் சேர்ந்த சத்தம்.

அப்படியானால் ஃபீல் பொய்யா? இல்லை. சமையலில் தாளிக்கும் சத்தத்தை வைத்து எண்ணெய் காய்ந்ததா என்று சொல்கிறோம், அது பொய்யா? எந்தச் சத்தத்துக்கு எவ்வளவு தூரம் உருளும் என்று காது ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. வாராவாரம் பந்தை மாற்றினால் அந்தக் கணக்கு கலைகிறது. தொழில்முறைப் போட்டிகளில் ஒரு ஆட்டம் முழுக்க ஒரே கம்பெனி, ஒரே மாடல் பந்துதான் ஆடவேண்டும் என்று உள்ளூர் விதியே வைப்பார்கள். நம்மவர்கள் ஒன்பது குழிக்குள் ஐந்து மாடல் ஆடிவிட்டு, "இன்னிக்கு புட்டிங் சரியில்ல" என்பார்கள்.

காதை விட்டுத் தள்ளினாலும் மிஞ்சும் ஒரு உண்மையான வித்தியாசம் தோலில் இருக்கிறது. மேல்தோல் பெரும்பாலும் இரண்டு வகை. சர்லின் மாதிரியான அயனோமர் என்ற பிளாஸ்டிக், கெட்டியான ஆள், சீக்கிரம் கீறல் விழாது, விலை குறைவு. இன்னொன்று யுரேத்தேன், மெல்லிசு, வெட்ஜின் (பந்தை உயரத் தூக்கும் சாய்வு முக மட்டையின்) பள்ளக் கோடுகளைக் கவ்விப் பிடிக்கும். டிரைவரில் இவை இரண்டுக்கும் நமக்குப் பெரிய பேதம் தெரியாது. ஆனால் கிரீனுக்கு முப்பது யார்டு வெளியே நின்று வெட்ஜால் தட்டிப் பாருங்கள். சர்லின் பந்து வெட்ஜ் முகத்தில் கொஞ்சம் வழுக்கி உயரமாக ஏறும், விழுந்தபின் பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி ஓடும். யுரேத்தேன் தாழ்வாகப் போகும், ஒரு குதி, இரண்டாவது குதியில் பிரேக். நானே இருபது இருபதாக அடித்து, நின்ற இடத்தையெல்லாம் டீ (பந்தை ஏற்றி வைக்கும் குச்சி) நட்டு அளந்தேன். ஒரே அடி, நாலைந்து தப்படி வித்தியாசம். அந்த நாலைந்து தப்படியில்தான் இரண்டு புட்டா மூன்று புட்டா என்பது இருக்கிறது.

அதனால் தம்பி, கடையில் டிரைவரைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். மூன்று மாடலில் மூன்று மூன்று பந்து வாங்குங்கள், கிரீனிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் புட், பிறகு சிப், பிறகு வெட்ஜ், கடைசியில் நேரமிருந்தால் டிரைவர். ரேஞ்ச் பந்தை வைத்து முடிவு செய்யவே வேண்டாம். அவை ஆயிரம் அடி தாங்குவதற்காகச் செய்த பந்துகள், அவற்றின் சத்தமே வேறு.

"மெதுவா அடிக்கிறவங்களுக்கு சாஃப்ட் பந்துதான் தூரம் போகும்" என்பதையும் நம்பவேண்டாம். கம்ப்ரஷன் என்று ஒரு எண் சொல்வார்கள். நாற்பது ஐம்பது என்றால் மென்மை, தொண்ணூறு நூறு என்றால் கெட்டி. பொதுவாகக் கெட்டிப் பந்துதான் வேகமாகக் கிளம்பும், யார் அடித்தாலும். ஆனால் நம் வேகத்தில் வித்தியாசம் சில யார்டுதான். சத்தம் பிடித்திருந்தால் சாஃப்ட் வாங்குங்கள், தூரத்துக்காக வாங்காதீர்கள். பந்தில் 1, 2, 3, 4 என்று போட்டிருப்பது உங்கள் பந்து எது, என் பந்து எது என்று அடையாளம் காண, வேறொன்றுமில்லை. என் நண்பர் ஒருவர் இரண்டு வருஷமாக 4ஆம் நம்பர் மட்டும் தேடி வாங்கினார், "ஹையர் கிரேடு" என்று.

அந்தக் காலத்துப் பந்துகளைப் பற்றிப் படித்தால் நேரம் போவதே தெரியாது. முதலில் தோல் பைக்குள் வேகவைத்த வாத்து இறகைத் திணித்துத் தைத்த பந்து. 1848 வாக்கில் மலாயாக் காட்டு மரத்தின் பாலான கட்டாபெர்ச்சாவில் வார்த்த பந்து வந்தது. மொழுமொழுவென்று இருந்த புதுப் பந்து சரியாகப் பறக்கவில்லை, அடிபட்டுக் காயம் பட்ட பழைய பந்து நன்றாகப் பறந்தது. உடனே புதுப் பந்தையும் சுத்தியலால் கொத்தி ஆடினார்கள். அம்மி கொத்துவதுபோல. இன்றைய பந்தின் மேல் இருக்கும் சின்னக் குழிகளுக்குப் பூர்வீகம் அந்தக் கொத்துதான். பிறகு ரப்பர் நூல் சுற்றிய பந்து ஒரு நூற்றாண்டு ஆண்டது. 2000 அக்டோபரில் லாஸ் வேகஸ் போட்டியில் டைட்லிஸ்ட் கம்பெனியின் புரோ வி1 என்ற பந்து இறங்கியபின் நூல் பந்தின் கதை ஒன்றிரண்டு வருஷத்தில் முடிந்தது. அதுவரை பெரும்பாலும் தூரம் வேண்டுமா, கிரீனில் நிற்கவேண்டுமா என்று ஒன்றைத்தான் கேட்கமுடியும். உள்ளே கெட்டி, வெளியே மெல்லிய யுரேத்தேன் என்று அது இரண்டையும் கொடுத்தது.

தூரம் தூரம் என்று அடித்துக்கொள்பவர்களுக்கு நம் ஊர்ப் பெண் அதிதி அசோக்கைக் காட்டுவேன். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ். டிரைவரில் மற்றவர்களைவிட எவ்வளவோ பின்தங்கித்தான் அடித்தார். புட்டரை வைத்துக்கொண்டு கடைசி நாள் கடைசிக் குழிவரை பதக்கப் போட்டியில் இருந்தார். நாலாவது இடம், ஒரே ஸ்ட்ரோக்கில் போனது. அந்தச் சனிக்கிழமை காலையில் வாழ்க்கையில் கோல்ஃப் பார்க்காத என் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, "உள்ள போ, உள்ள போ" என்று பந்தோடு பேசினாள்.

ஊருக்கும் பந்துக்கும் சம்பந்தம் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். காற்று லேசு, பந்து கொஞ்சம் கூடவே பறக்கும். இங்கே 150 யார்டு அடித்த அயர்ன் மட்டையை நம்பி சென்னை கிண்டியில் ஆடியபோது எல்லாம் முன் பங்கரில் (மணல் பள்ளத்தில்) போய் உட்கார்ந்தது. சென்னை வெக்கை ஓரளவு ஈடுகட்டும், முழுக்க இல்லை. புதுப் பந்து வாங்கிய வாரம் ஊர் மாறி ஆடிவிட்டுப் பந்தைத் திட்டாதீர்கள். நான் திட்டியிருக்கிறேன்.

விலை. ஒரு ஆட்டத்தில் ஐந்தாறு பந்து தொலைக்கும் கட்டத்தில் இருப்பவர்கள் மலிவான சர்லின் பந்தில் ஒரே மாடலைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். தொலைப்பது இரண்டுக்குக் கீழே இறங்கியபின் யுரேத்தேனுக்கு வாருங்கள். பெரிய கம்பெனிகளின் விலையில் பாதிக்கே இப்போது கிடைக்கிறது. குளத்திலிருந்து எடுத்து விற்கும் பழைய பந்தும் மோசமில்லை, பல மாதம் ஊறாமல் இருந்தால். ஆனால் புதுசைவிடப் பளபளவென்று இருந்தால் வாங்காதீர்கள். நகத்தைப் பந்தின் சின்னக் குழிக்குள் விட்டுச் சுரண்டிப் பாருங்கள். மேலே பெயிண்ட் அடித்திருந்தால் குழி ஓரம் மழுங்கியிருக்கும், சில சமயம் நகத்தோடு செதிலாக வரும். அது எப்படிப் பறக்கும் என்று அடித்தவனுக்கும் தெரியாது, அடிவாங்கிய பந்துக்கும் தெரியாது.

நான் இப்போது பதினாலு மாதமாக ஒரே மாடல். அதன் சத்தம் மங்கலான 'டப்'. பெயரைச் சொன்னால் கீழே சண்டை வரும், இன்பாக்ஸுக்கு வாருங்கள். நேற்று பதினோராவது குழியில் புத்தம்புதுசு ஒன்று நேராகக் குளத்துக்குள் போனது. வட்டம் அடங்கும்வரை நாங்கள் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் பையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டே, "இடம் பாத்து வச்சுக்கிட்டேன் சார். அடுத்த வாரம் நூறு ரூபாய்க்கு உங்களுக்கே தரேன்" என்றார்.