ஆமாம், வைக்கோல் டிராக்டருக்குத்தான் வயர்லெஸ்

நம் தஞ்சாவூர்–கும்பகோணம் ரோட்டு நெரிசல் வீடியோ ஒன்று வந்தது. வண்டிகள் ஒன்றுக்கொன்று ரேடியோவில் தகவல் சொல்லும் கருவியை மாட்டலாம் என்ற யோசனைக்கு, அதன் கீழே "வைக்கோல் டிராக்டருக்கு வயர்லெஸ்ஸா?" என்று சிரித்திருந்ததை எல்லாம் படித்தேன். மனசு கேட்கவில்லை. ஆமாம், டிராக்டருக்குத்தான். முதலில் அதற்குத்தான்.

ரோடு குறுகல் என்பது பாதிக் காரணம். முன்னால் போகிறவர் பிரேக் போட்டது பின்னால் வருகிறவருக்குத் தெரியாதது மீதிப் பாதி. ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓட்டிப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். குறுக்கே ஆடு மாடு இல்லை, சிக்னல் இல்லை. இருந்தும் நெரிசல் தானாக உண்டாகி, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் லேசாகத் தொட்ட பிரேக்கை அடுத்தவர் கொஞ்சம் அழுத்திப் போட, கடைசி வண்டி நின்றே போகிறது.

இந்தக் கருவி செய்வது இவ்வளவுதான்: இடம், வேகம், திசை, பிரேக் இந்த நாலையும் நொடிக்கு 10 முறை ரேடியோவில் சொல்லும். மறைப்பில்லாவிட்டால் சுமார் 300 மீட்டர் எட்டும். பாலத்து ஏற்றத்தில் டிராக்டர் திணறினால், நாலு வண்டி பின்னால் வரும் பஸ் டிரைவர் திரையில் எச்சரிக்கையைப் பார்த்து அப்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார். முந்திப் போய் எதிர்ப்பக்கத்தை அடைக்க மாட்டார். நம் ரோட்டில் மணிக்கணக்காக நிற்பது அந்த அடைப்பால்தான்.

"எல்லா வண்டியிலும் வேண்டுமே?" நியாயமான கேள்வி. 10 சதவீத வண்டிகளில் இருந்தால், எதேச்சையாகச் சேரும் இரண்டு வண்டிகளிலும் இருக்க வாய்ப்பு 100-ல் 1. அதனால்தான் புதுக் காரில் ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். பஸ், நெல் லாரி, அறுவடை மிஷின், டிராக்டர். வரிசையின் வேகம் இவற்றின் கையில். டிராக்டருக்குத் திரைகூட வேண்டாம், சொல்லிக்கொண்டே போனால் போதும்.

சிக்கல் இல்லையா? உண்டு. டிராக்டரில் 12 வோல்ட், பஸ்ஸில் 24. செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் விழுந்து கருவி ரீஸ்டார்ட் ஆகும், ஜிபிஎஸ் இடம் பிடிக்க நேரம் எடுக்கும். டிரெய்லரில் பிரேக் லைட் எரிவதே அபூர்வம், வேகம் குறைவதை வைத்துத்தான் கணிக்க வேண்டும். ஆன்டெனா ஈர வைக்கோலுக்கு அடியில் போனால் சிக்னல் செத்தது. ஆற்றங்கரைப் பாதையில் போகும் வண்டியை ஜிபிஎஸ் மெயின் ரோட்டில் காட்டினால் பொய் எச்சரிக்கை வரும். இரண்டு முறை அப்படி வந்தால் டிரைவர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். இதெல்லாம் பட்டறையில் தீர்க்கிற விஷயம்.

"கண்காணிக்கத்தான் இது" என்கிறார்கள். கருவி அனுப்பும் செய்தியில் வண்டி நம்பரோ பெயரோ போகாது.

"ரோட்டை அகலப்படுத்து" என்கிறீர்கள். தாராளமாக. அய்யம்பேட்டையிலும் பாபநாசத்திலும் ரோட்டை ஒட்டியே வீடும் கடையும். யார் வீட்டை இடிப்பது? அதுவரை இந்த நெரிசலில் ஆம்புலன்ஸும்தான் சிக்கி நிற்கிறது. டிராக்டர் சத்தத்தில் அதன் சைரன்கூடக் காதில் விழாது. உள்ளே படுத்திருப்பது நம் ஊர்க்காரர். டெல்டாக்காரன் நெல் போட்டால் போதும், ரேடியோ எதற்கு என்று சிரிப்பதுதான் வலிக்கிறது.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். அதற்குள் ஒரு டெப்போ பஸ்களிலும் நாலு கொள்முதல் நிலைய லாரிகளிலுமாவது மாட்டிப் பார்க்கட்டும்.