முகப்பைப் புதுப்பித்தால் வீடே புதிதாகிவிடுமா?

“கோஸ்ட் இன் தி ஷெல் என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தை முழுக்க கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்துவிட்டார்கள், 1995-இல் வந்த பழைய படம் இனிக் கிடைக்காது.” காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

2008-இல் வந்தது ‘2.0’ என்ற தனிப் பதிப்பு. அதே இயக்குநர் மமோரு ஓஷிதான் செய்தார். நாயகி மாடியிலிருந்து குதிக்கும் தொடக்கம், தண்ணீருக்குள்ளிருந்து மிதந்து மேலே வருவது போன்ற சில காட்சிகளில் மட்டும் முப்பரிமாண கிராபிக்ஸ். மற்றவை கையால் வரைந்த பழைய காட்சிகளே. ஆனால் பச்சையாக ஒளிர்ந்த கணினித் திரைகள் ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. வசனங்களை மறுபடி பதிவு செய்தார்கள். நாயகி தேடும் மர்ம ஹேக்கரான ‘பொம்மலாட்டக்காரன்’ பாத்திரத்துக்கு ஆண் குரல் போய்ப் பெண் குரல் வந்தது. (எனக்குப் பழைய குரல்தான் பிடிக்கும்.)

செட்டிநாட்டு வீட்டில் முகப்புக்கு மட்டும் புது ஆத்தங்குடிக் கல் பதித்தால், உள்முற்றமான வளவையும் இடித்துக் கட்டியதாகச் சொல்வோமா?

சரி, பழைய படம்? அது எங்கும் போகவில்லை. 2020-இல் 4கே (மிகத் துல்லியமான படத்தரம்) வட்டாகவே வந்தது. அதில் இருப்பது 1995-இன் படம்தான், 2.0 அல்ல.