சங்கீதம் 91 பாடுகிறவர்களுக்கு

தேவன் தம்மை நம்புகிறவனை ஆபத்திலிருந்து காப்பார் என்று சொல்லும் வேதப் பாட்டான சங்கீதம் 91-ஐ இன்ஷூரன்ஸ் பாலிசி மாதிரிப் பாடுவதை, சிங்கப்பூரில் உள்ள நம் சபைகள் நிறுத்த வேண்டும். சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

தேவன் செய்த நன்மைகளைச் சொல்லும் சாட்சி நேரத்தில் ஒரு அண்ணன் எழுந்தார். "பிஐஇ விரைவுச்சாலையில எனக்கு முன்னால போன கார் அப்பளமா நொறுங்கிருச்சு. எனக்கு ஒரு கீறல்கூட இல்ல, ஸ்தோத்திரம்!" சபை கைதட்டியது. உடனே, பதினாயிரம்பேர் விழுந்தாலும் என்னை அணுகாது என்று அந்தச் சங்கீதத்திலிருந்தே ஒரு பாட்டு. வேலையிடத்தில் விழுந்து இறந்துபோனவரின் மனைவி எனக்கு முன்வரிசையில் இருந்தார். அவரும்தான் எழுந்து நின்று பாடினார். அந்தப் பாட்டு அவருக்கு என்ன சொல்லியிருக்கும்? (முன்னால் போன காரில் இருந்தவர் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை. அது தனிக்கதை.)

இதே சங்கீதத்தை வேதத்தில் வேறொருவனும் எடுத்துச் சொல்கிறான். மத்தேயு 4-ஐத் திருப்புங்கள். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, "தாழக் குதியும், தூதர்கள் தாங்குவார்கள்" என்று வசனம் காட்டுகிறவன் பிசாசு. இயேசு குதிக்கவில்லை.

பாதுகாப்பைப் பாடிய பெரியவர்கள் பலர் தப்பித்தவர்களே அல்ல. ஜெர்மன் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர், 1944 டிசம்பரில் ஹிட்லரின் சிறையிலிருந்து, நல்ல வல்லமைகள் என்னைச் சூழ்ந்து காக்கின்றன என்று ஒரு கவிதை எழுதி, மணக்கவிருந்த பெண்ணுக்கு அனுப்பினார். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். ஜெர்மன் சபைகள் அதை இன்றும் பாடுகின்றன. கசப்பான பாத்திரமே கிடைத்தாலும் உம் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன் என்றும் அதே கவிதையில் எழுதியிருக்கிறார். நம் மேடைப் பாட்டுகளில் அப்படி ஒரு வரி காட்டுங்கள் பார்ப்போம்.

அதற்காகப் பாடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஞாயிறு சாயங்கால ஆராதனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிகளிலிருந்து வரும் தம்பிகள் தொண்டை கிழியப் பாடுவார்கள். திங்கள் விடிவதற்குள் வேலைக்குப் போக லாரியின் பின்னால் ஏறப்போகிறவன் "சர்வவல்லவருடைய நிழலில்" என்று பாடும்போது அதில் பெருமை கிடையாது. அது விண்ணப்பம். அவனுக்காக நாமும் ஆமென் சொல்கிறோம், பிறகு பிரியாணிப் பொட்டலத்துக்கு வரிசையில் நிற்கிறோம். லாரியில் ஆள் ஏற்றி அனுப்புகிற முதலாளிகளும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், "பஸ் வைக்கலாமே அண்ணே" என்று கேட்டேன்.

"கட்டுப்படியாகாது தம்பி, ஜெபிச்சுக்குங்க" என்றார்.