பையனைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

நல்லாயன் ஞாயிறு நெருங்கினாலே எங்கள் மலையில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்த வருஷம் யாரு சாமியாருக்குப் போறா?" பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் நான்காம் ஞாயிறான அந்த நாளை, இறையழைத்தலுக்காக, அதாவது குருக்களாகவும் துறவிகளாகவும் ஆண்டவர் பலரை அழைக்க வேண்டும் என்று, செபிக்கும் நாளாக 1964-இல் ஏற்படுத்தியவர் திருத்தந்தை ஆறாம் பவுல். செபிக்கத்தான் சொன்னார். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தில் நாம் செய்வதோ ஆள் பிடிப்பது.

ஒரு பீடச் சிறுவன் பூசையில் தூங்கி வழியாமல் நின்று, மணியைச் சரியான நேரத்தில் அடித்து, கொஞ்சம் பாடவும் செய்தால் போதும். "இவன் சாமியாராத்தான் வருவான்" என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியத்துக் கூட்டத்திலேயே முடிவாகிவிடும். பையன் அப்போது எட்டாம் வகுப்பு. ப்ளஸ் டூ முடிப்பதற்குள் பாட்டி, அத்தை, பங்குப் பேரவை எல்லோரும் அவனுக்குக் குருப்பட்டம் கொடுத்து முதல் நன்றித் திருப்பலிக்குப் பந்தலும் போட்டிருப்பார்கள். அவனை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நேர்ச்சை இன்னொரு கதை. பிள்ளைக்கு உடம்பு சரியானால் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று தாய் வேண்டிக்கொள்கிறாள். அந்த வேதனையை நான் குறை சொல்லவில்லை. நம் ஓரியூர் அருளானந்தருக்கும் (போர்ச்சுகலில் பிறந்த புனித ஜான் தெ பிரிட்டோ) சின்ன வயதில் அப்படி ஒரு நேர்ச்சை உண்டு. நோயிலிருந்து பிழைத்ததற்காக லிஸ்பனில் ஒரு வருடம் இயேசு சபைத் துறவிகளின் உடையோடு அவரை நடமாட விட்டார் அவர் அம்மா. அதே அம்மாதான், மகன் மதுரை மறைப்பணிக்குக் கிளம்புகிறார் என்றதும் தடுக்க என்னென்னவோ செய்து பார்த்தார். நேர்ச்சை அம்மாவுடையது, போவதென்ற முடிவு மகனுடையது. 1693-இல் ஓரியூரில் வாளுக்குக் கழுத்தை நீட்டியவரும் மகன்தான்.

நான் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள். போன நவம்பரில் ஒரு பையன், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தயங்கி நின்றான். கையில் பழைய இயற்பியல் ரெக்கார்ட் நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பி எழுதியிருந்தான். ராத்திரி செபம் முடிந்ததும் மனதில் என்ன ஓடியதோ அதை இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லி அவனுடைய ஆன்ம வழிகாட்டியான ஃபாதர் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனை. ஒரு பக்கத்தைக் காட்டினான். "நற்கருணைக்கு முன்னாடி உக்காந்தேன். அம்மாவுக்கு மழைக்கோட்டு வாங்கணும்." அடுத்த நாளும் மழைக்கோட்டு. அதற்கடுத்த நாளும். அவன் அம்மா பிளாஸ்டிக் சீட்டைச் சுற்றிக்கொண்டு கொழுந்து பறிக்கிறார். "செபம் பண்ண உக்காந்தா இதுதான் டீச்சர் வருது. அப்போ எனக்கு அழைத்தல் இல்லையா?" என்றான்.

"அதையே ஆண்டவர்கிட்ட சொல்லுடா" என்றேன். அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டுச் செய்கிற செபத்தில் என்ன தெளிவு கிடைக்கும்? நான் போனால் வீட்டை யார் பார்ப்பார்கள், படிப்புச் செலவு மிச்சமாகும் என்பதற்காகத்தான் போகிறேனா, கல்யாணம் வேண்டாம் என்பது ஆசையா பயமா, இதையெல்லாம் ஆண்டவர் முன்னால் கொட்டாமல் "உம் சித்தம் ஆகட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் யாருடைய சித்தம் எது என்றே பிரித்துப் பார்க்க முடியாது.

சிலர் அடையாளம் கேட்கிறார்கள். செபமாலை முடிவதற்குள் மழை நின்றால் எனக்கு அழைத்தல் உண்டு என்பது மாதிரி. நவம்பர் மாதம் குன்னூரில் உட்கார்ந்து இப்படிக் கேட்டால் திருச்சபைக்கு ஒரு குரு கூடக் கிடைக்க மாட்டார்.

இந்த விஷயத்தில் நான் நம்புவது இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரை. 1521-இல் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு, கால் உடைந்து லொயோலாவில் படுத்துக் கிடந்தார். வீரசாகசக் கதைகள் கேட்டார், வீட்டில் இல்லை. கிடைத்தது இயேசுவின் வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். படுத்தபடியே பகல்கனவு கண்டார். அரச சபை, ஒரு சீமாட்டி என்று நினைக்கும்போது இனிக்கிறது, பிறகு மனம் வறண்டுபோகிறது. புனிதர்களைப் போல வாழலாமே என்று நினைத்தால் அந்தச் சந்தோஷம் நினைப்பு போன பிறகும் தங்குகிறது. எது தங்குகிறது என்று கவனித்தார், அவ்வளவுதான். பின்னால் அவர் எழுதிய 'ஆன்மீகப் பயிற்சிகள்' என்ற தியானக் கையேட்டை 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்தார். மனம் வறண்டு கிடக்கும்போது எடுத்த முடிவை மாற்றாதே என்பது அதில் எல்லோருக்கும் தெரிந்த விதி. நம் இறையழைத்தல் முகாம்களில் அதிகம் சொல்லப்படாதது இன்னொன்று: ஒருவன் பக்தி உற்சாகத்தில் பொங்கி நிற்கும்போது அவசரப்பட்டு வாக்குக் கொடுக்க விடாதே. அதோடு, தியானம் கொடுப்பவர் அவனை இந்தப் பக்கமும் தள்ளக்கூடாது, அந்தப் பக்கமும் தள்ளக்கூடாது, தராசு முள் மாதிரி நடுவில் நிற்க வேண்டும், படைத்தவரும் அவனும் நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும் என்கிறார். மே மாத முகாமின் கடைசி இரவில், மெழுகுதிரி கொடுத்து, பாட்டுப் பாடி, பிள்ளைகள் அழும் நேரத்தில் "யாரெல்லாம் வருகிறீர்கள், கை தூக்குங்கள்" என்று கேட்பதை இந்த ஒரு காரணத்துக்காகவே நிறுத்தலாம்.

திருச்சபைச் சட்டமும் அவசரப்படவில்லை. குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது ஆறு முழு ஆண்டுகள். பட்டம் பெறுபவனுக்கு உரிய சுதந்திரம் வேண்டும், எந்த வகையிலும் யாரும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1026-ஆம் சட்டம் சொல்கிறது. "எனக்கு அழைத்தல் இருக்கிறது" என்று பையன் சொல்வதோடும் முடிவதில்லை. இவர் தகுதியானவர்தானா என்று பட்ட நாளில் ஆயர் கேட்கிறார். இறைமக்களிடம் விசாரித்ததாகவும் அதற்குச் சொல்லும் பதிலில் வரும். நம்மிடம் விசாரிப்பார்கள் என்றால் நாமும் உண்மையைச் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும் இல்லையா? பட்டத்து விருந்துக்குக் கிடா வெட்ட நாள் குறித்துவிட்ட சொந்தக்காரர்கள் என்ன சாட்சி சொல்வார்கள்?

அப்புறம், திரும்பி வருபவர்கள். இதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. குருவாகப் படிக்கும் குருமடத்தில் மூன்று நான்கு வருடம் இருந்து, செபித்து, பெரியவர்களோடு பேசி, இது என் வழி இல்லை என்று தெளிந்து வருகிறவனை "மடத்தை விட்டு ஓடி வந்தவன்" என்கிறோம். பெண் கேட்டுப் போனால் அதையே ஒரு குறையாகச் சொல்கிறோம். குருமடம் என்பதே தெளிவதற்கான இடம்தானே. இல்லை என்ற தெளிவும் அங்கே கிடைக்கத்தான் செய்யும். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட நம் தேவசகாயம் குருவும் இல்லை, துறவியும் இல்லை. திருமணமானவர், திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர். அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, திரும்பி வந்த பையனை மட்டும் ஏற இறங்கப் பார்ப்பது என்ன நியாயம்?

ரெக்கார்ட் நோட்டுப் பையன் இப்போதைக்கு பி.எஸ்சி. சேருகிறான். மாதம் ஒரு முறை அந்த ஃபாதரைப் பார்க்கப் போகிறான். போவானா மாட்டானா என்று பங்கில் பாதிப் பேர் என்னிடம் விசாரித்துவிட்டார்கள், இன்பாக்ஸிலும் சிலர். எனக்குத் தெரியாது. அவனுக்கே இன்னும் தெரியாது. அவன் அம்மாவைப் பார்த்தால் தயவுசெய்து "சாமியாரோட அம்மா" என்று கூப்பிடாதீர்கள்.