முடிந்த தொடர் என்றால் மட்டும் சொல்லுங்கள்

யாராவது "செம சீரிஸ், கண்டிப்பா பாரு" என்று சொன்னால் நான் கதை என்ன, யார் நடித்தது என்றெல்லாம் கேட்பதில்லை. முடிந்துவிட்டதா என்று கேட்பேன். இல்லை என்றால் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான், தொடமாட்டேன்.

சூடு கண்ட பூனை நான். சூடு வைத்தது '1899' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடர். 2022 நவம்பரில் வந்தது. 'டார்க்' தொடரை எடுத்த அதே பரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீசே ஜோடி. அத்தனை சிக்கலான கதையை மூன்று சீசனில் முடித்துக் காட்டியவர்கள் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். நியூயார்க் போகும் கப்பல், ஆளுக்கொரு மொழி பேசும் பயணிகள். கரி அள்ளிப் போடும் போலந்துக்காரன் ஒலெக்கும் லிங் யீ என்ற சீனப் பெண்ணும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலே நெருங்குவார்கள். அந்த இரண்டு பேருக்காகவே எட்டு எபிசோடையும் பார்க்கலாம். நான் ஒரு நோட்டுப் போட்டு, முக்கோணக் குறி எங்கெங்கே வருகிறது என்றெல்லாம் எழுதி வைத்தேன் (சிரிக்காதீர்கள்). கடைசியில் கதாநாயகி மௌரா கண் விழிக்கிறாள், அவள் இருப்பது விண்கலத்தில், திரையில் வருஷம் 2099, சுற்றிலும் கப்பலில் பார்த்த அதே முகங்கள் தூக்கத்தில். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்பாய்லர் சொல்லிட்டியே என்று திட்ட வேண்டாம், இதற்கு மேல் கதையே கிடையாது. 2023 ஜனவரி 2ஆம் தேதி ரத்து என்று அறிவிப்பு. மூன்று சீசனாக யோசித்து வைத்திருந்தார்களாம். நோட்டின் மிச்சப் பக்கங்களில் இப்போது பால் கணக்கு எழுதுகிறோம்.

கூத்து என்னவென்றால், ஓடிடிக்காரர்கள் கணக்குப் பார்ப்பதே எத்தனை பேர் உடனே பார்த்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை போனார்கள், போட்ட காசுக்கு அது தாங்குமா என்பதைத்தான். முடியட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று என்னை மாதிரி ஆளாளுக்கு உட்கார்ந்திருந்தால் தொடர் எப்படிப் பிழைக்கும்? "உன்னாலதான்டா எல்லாத்தையும் ஊத்தி மூடுறாங்க" என்கிறான் நண்பன். என்னிடம் பதில் இல்லை. ஆனால் 1899 வந்த வாரமே பார்த்து முடித்தவன் நான், எனக்கு என்ன கிடைத்தது?

ரத்து செய்யாதே என்று சொல்லவில்லை. வியாபாரம், புரிகிறது. முடிக்க ஒரு எபிசோடாவது கொடு. சென்ஸ்8 தொடரை 2017இல் நிறுத்தியபோது ரசிகர்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வருஷம் இரண்டரை மணி நேரத்தில் ஒரு முடிவு வந்தது. ஜெரிக்கோ என்ற தொடரை 2007இல் நிறுத்தியபோது, அதை ஒளிபரப்பிய அமெரிக்க டிவி சிபிஎஸ் அலுவலகத்துக்கு 20 டன் கடலையை அனுப்பி வைத்தார்கள் ஜனங்கள். அதற்குப் பிறகு ஏழு எபிசோட் வந்தது. கதை முடிய டன் கணக்கில் கடலை அனுப்ப வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அம்மா பார்க்கும் சீரியலை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன். டிஆர்பி விழுந்தால் அங்கேயும் தூக்கிவிடுகிறார்கள்தான், ஆனால் கடைசி வாரத்தில் வில்லி திருந்தி, காலில் விழுந்து, எல்லோரும் வரிசையாக நின்று சிரித்து, சுபம் போட்டு அனுப்பிவைக்கிறார்கள். எனக்கு அதுகூட இல்லை.

முழுசாக முடிந்த நல்ல தொடர் ஏதாவது இருந்தால் கமெண்ட்டில் போடுங்கள். டார்க் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மூன்று தடவை பார்த்தாயிற்று.