ஜெனரேட்டரை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்

மின்படகு பேட்டரியை ஜெனரேட்டரில் 100 சதவீதம் நிரப்பிய பிறகே நிறுத்த வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. லெட் ஆசிட் பேட்டரிக்கு இது டீசலை வீணாக்கும் வேலை. படகில் 48 வோல்ட், 400 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரித் தொகுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியிலிருந்து 80 சதவீதம் வர, 80 ஆம்பியர் சார்ஜருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். அப்புறம் பேட்டரியே கரன்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். மீதி 20 சதவீதத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் ஜெனரேட்டர் பேருக்குத்தான் ஓடும். டீசல் இன்ஜினைத் தினமும் இப்படிக் குறைந்த லோடில் ஓட்டினால் சைலன்சரில் கரியும் எரியாத டீசலும் படியும், இன்ஜின் ஆயுளும் குறையும்.

அதற்காக எப்போதும் அரைகுறையாகவும் விடக் கூடாது, பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். கடைசி 20 சதவீதத்தை சோலாருக்கோ கரை மின்சாரத்துக்கோ விடுங்கள். வாரம் ஒருமுறையாவது முழுசாக நிரம்பட்டும்.

லித்தியத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கொச்சியில் ஓடும் மின்படகுச் சேவையான வாட்டர் மெட்ரோவில் லித்தியம் டைட்டனேட் பேட்டரிதான். ஜெட்டியிலேயே வேகமாக சார்ஜ் ஏற்றிக்கொள்கிறார்கள், ஜெனரேட்டர் அவசரத்துக்கு மட்டும்.